எண்ணுக்குப் பெயர்: பிணைய நெறிமுறை ஆய்வு மென்பொருளில் தேடல் அட்டவணைகளின் வரலாறு

கணினிப் பிணையத்தில் ஓடும் தரவுப் பொதிகளைப் பிடித்து, அவற்றிலுள்ள எண்களை மனிதர் படிக்கத்தக்க பெயர்களாக மாற்றிக் காட்டும் மென்பொருள் பிணைய நெறிமுறை ஆய்வு மென்பொருள் எனப்படுகிறது. வயர்ஷார்க், டிசிபிடம்ப், ஜீக் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று குறித்து வைத்த பட்டியல் தேடல் அட்டவணை ஆகும். பொதிகளின் எண்ணிக்கை ஆயிரங்களில் இருந்தவரை இந்த அட்டவணைகளை எப்படித் தேடினாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அது கோடிகளை எட்டியபோது, தேடும் முறையே மென்பொருளின் வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்றாயிற்று.

அட்டவணைத் தேடல் எவ்வாறு விரைவுபடுத்தப்பட்டது, அந்த விரைவு எப்போது பலவீனமாக மாறியது, கைப்பேசியும் காரும் தயாராகும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தில் இதே சிக்கல் எந்த வடிவில் நிற்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பொதிக்குள் இருக்கும் எண்கள்

ஒரு பிணையப் பொதியில் சொற்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் எண்களே இருக்கும். ஈதர்நெட் சட்டகத்தின் தலைப்பில் 16 பிட் அளவுள்ள வகை எண் ஒன்று உண்டு. பதினறும முறையில் அது 0800 என்றிருந்தால் உள்ளே இருப்பது ஐ.பி. நான்காம் பதிப்புப் பொதி; 0806 என்றிருந்தால் முகவரி கேட்கும் ஏ.ஆர்.பி. செய்தி. ஐ.பி. தலைப்பில் இன்னொரு எண்: 6 என்றால் டி.சி.பி., 17 என்றால் யு.டி.பி. அதற்குள் துறை எண்: 53 என்றால் பெயர்ச் சேவை, 443 என்றால் பாதுகாப்பான இணையத் தொடர்பு.

இந்த எண்களை யார் எதற்குப் பயன்படுத்துவது என்று ஒழுங்குபடுத்தும் பொதுப் பதிவேடுகள் உள்ளன. இணையத்தின் தொடக்கக் காலத்தில் ஜான் போஸ்டெல் இப்பதிவேட்டைப் பேணினார். ரேனால்ட்ஸ், போஸ்டெல் இருவரும் தொகுத்த ‘ஒதுக்கப்பட்ட எண்கள்’ ஆவணத்தின் கடைசிப் பதிப்பு 1994 அக்டோபரில் வந்தது. பின்னர் பட்டியல் அச்சு ஆவணமாக அன்றி இணையத் தரவுத்தளமாகப் பேணப்படுகிறது என்பது 2002-இல் முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஈதர்நெட் முகவரிகளின் முன்பகுதியை நிறுவனங்களுக்கு ஒதுக்கும் பணியை ஐ.இ.இ.இ. அமைப்பு செய்கிறது.

ஆய்வு மென்பொருள் இப்பதிவேடுகளின் படிகளைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. ஒரு பொதியை விளக்க அதனுள் பத்து இடங்களில் அட்டவணையைப் புரட்ட வேண்டியிருந்தால், 10 லட்சம் பொதிகள் கொண்ட கோப்புக்கு 1 கோடி தேடல்கள் ஆகும்.

நிகண்டும் அகராதியும்

தேடல் முறைகளின் வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் தமிழ் அகராதி வரலாறே நல்ல எடுத்துக்காட்டு. பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள் வகைப்படி தொகுத்தன. செய்யுளாக மனப்பாடம் செய்தவருக்கே அவை எளிதில் பயன்பட்டன. மனப்பாடம் இல்லாதவர் தொடக்கம் முதல் ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும். கணினியியலில் இதற்கு வரிசைத் தேடல் என்று பெயர்.

1594-இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்துப்படி பிரித்தது. தேடுபவர் உரிய எழுத்தின் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அப்பகுதிக்குள் மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி முதலெழுத்தோடு நில்லாமல் அடுத்தடுத்த எழுத்துகளையும் வரிசைப்படுத்தியது. இத்தகைய நூலை நடுவில் திறந்து, தேடும் சொல் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளிவிடலாம்.

இந்தப் பாதியாக்கும் முறைக்குக் கணினியியலில் இருமத் தேடல் என்று பெயர். 1946-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளி விரிவுரைகளில் ஜான் மாக்லி இதைப் பற்றிப் பேசினார். முதலெழுத்துப் பிரிவை ஒத்தது ஹாஷ் அட்டவணை. தேடும் எண்ணை ஒரு கணக்கிற்கு உட்படுத்தி, அதன் விடை எந்த அறையைக் காட்டுகிறதோ அங்கே நேரே போவது இதன் முறை. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் எழுதிய உள்குறிப்பு இதன் முதல் பதிவாகக் கருதப்படுகிறது. டொனால்ட் நூத் 1973-இல் வெளியிட்ட தம் நூல் வரிசையின் மூன்றாம் தொகுதியில் இம்முறைகள் அனைத்தையும் கணித முறையில் ஒப்பிட்டார்.

மூன்றாவது ஒரு முறையும் உண்டு. எண்கள் 0, 1, 2, 3 என்று இடைவெளியின்றி இருந்தால் தேடலே வேண்டாம். எண்ணையே இடமாகக் கொண்டு பெயரை எடுத்துவிடலாம். இது நேரடிச் சுட்டு எனப்படும்.

500 பதிவுகள் கொண்ட அட்டவணையை எடுத்துக்கொள்வோம். வரிசைத் தேடலில் சராசரியாக 250 ஒப்பீடுகள் தேவை. இருமத் தேடலில் அதிகபட்சம் 9. நேரடிச் சுட்டில் ஒன்றே. மேலே சொன்ன 1 கோடி தேடல்களுக்கு முறையே 250 கோடி, 9 கோடி, 1 கோடி படிகள் ஆகும். முதலாவது முறையில் பயனர் காத்திருக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியும், மூன்றாவதில் தெரியாது.

ஆய்வுக் கருவிகளின் தோற்றம்

வணிக முறையில் புகழ்பெற்ற முதல் ஆய்வுக் கருவிகளில் ஒன்று நெட்வொர்க் ஜெனரல் நிறுவனத்தின் ‘ஸ்னிஃபர்’. 1986-இல் அறிமுகமான இது, தூக்கிச் செல்லத்தக்க கணினியோடு சேர்த்து விற்கப்பட்டது. விலை அதிகம் என்பதால் பெரிய நிறுவனங்களே வாங்கின.

1988-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், சாலி ஃப்ளாய்ட், வெர்ன் பாக்சன், ஸ்டீவன் மெக்கன் ஆகியோர் டிசிபிடம்ப் கருவியை எழுதினர். வேண்டாத பொதிகளை எவ்வளவு முன்பாகத் தள்ளிவிட முடியுமோ அவ்வளவு வேலை மிச்சம் என்பது அவர்கள் கண்ட உண்மை. 1993-இல் மெக்கன், ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட பெர்க்லி பொதி வடிகட்டி, இயக்குதளத்தின் கருவுக்குள்ளேயே பொதிகளைச் சலித்தது. தொடக்கக்கால வடிகட்டி வடிவமைப்பைவிட இதன் சலிக்கும் பகுதி 20 மடங்கு வரை விரைவானது என்று அவர்கள் அளந்து காட்டினர். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் இருப்பதே இதன் அடிப்படை: ‘இது ஐ.பி. பொதியா?’ என்பதற்கு ஒருமுறை விடை கிடைத்தால் அந்த விடையை அடுத்த சோதனைகளிலும் பயன்படுத்துவது.

அதே ஆய்வகத்தில் 1995-இல் வெர்ன் பாக்சன் தொடங்கிய ‘ப்ரோ’ என்ற மென்பொருள், பிணையத்தை இடைவிடாமல் கண்காணித்து ஊடுருவல்களைக் கண்டறிந்தது. 2018-இல் இதன் பெயர் ஜீக் என்று மாறியது.

1997-இன் இறுதியில் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் பணியாற்றிய ஜெரால்ட் கோம்ப்ஸ், விலை உயர்ந்த வணிகக் கருவிகளுக்கு மாற்றாகத் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். 1998 ஜூலையில் ‘ஈதெரியல்’ என்ற பெயரில் அது கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. 2006-இல் அவர் வேலை மாறியபோது பழைய பெயரின் வணிகக்குறி உரிமை கைவராததால் திட்டத்தின் பெயர் வயர்ஷார்க் ஆயிற்று. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தாங்கள் அறிந்த நெறிமுறைகளுக்கான விளக்கிகளை எழுதிச் சேர்த்தனர். ஒவ்வொரு விளக்கியும் தன்னோடு புதிய அட்டவணைகளைக் கொண்டுவந்தது.

வயர்ஷார்க்கின் அட்டவணைகள்

வயர்ஷார்க்கில் தொடக்கம் முதல் இருக்கும் அட்டவணை வடிவம் மிக எளியது: எண், பெயர் என்ற இணைகளின் பட்டியல், முடிவைக் காட்ட வெற்றுப் பதிவு ஒன்று. இதை வரிசைத் தேடலால் மட்டுமே தேட முடியும். ஐந்தாறு பதிவுகள் கொண்ட பட்டியலுக்கு இது போதுமானது. உண்மையில் அத்தகைய சிறு பட்டியலில் வேறெந்த நுட்பமும் இதைவிடப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. நூற்றுக்கணக்கான பதிவுகள் கொண்ட பட்டியல்களில்தான் சிக்கல். கைப்பேசிப் பிணையங்களை அடையாளங்காட்டும் எண்களின் பட்டியல் இதற்கு எடுத்துக்காட்டு. இந்தியாவுக்கு 404, 405 உள்ளிட்ட நாட்டு எண்கள் உண்டு. அவற்றின் கீழ் ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் நிறுவனத்துக்கும் தனித்தனி எண்கள். எல்லா நாடுகளையும் சேர்த்தால் பட்டியல் மிக நீண்டுவிடும்.

இதற்குத் தீர்வாக ‘விரிவாக்கப்பட்ட’ அட்டவணை வடிவம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் செயல்பாடு பின்வருமாறு. அட்டவணை முதன்முறையாகப் பயன்படும்போது மென்பொருள் அதை ஒருமுறை முழுவதும் பார்வையிடுகிறது. எண்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தால் அதன்பின் நேரடிச் சுட்டு. இடைவெளி இருந்தும் ஏறுவரிசையில் இருந்தால் இருமத் தேடல். வரிசையே இல்லாவிட்டால் பழையபடி ஒவ்வொன்றாகத் தேடல். விளக்கியை எழுதியவர் தம் பட்டியலை வரிசைப்படுத்தினால் போதும். தேடும் முறையை மென்பொருளே தேர்ந்துகொள்ளும். பட்டியலின் நடுவே புதிய பதிவைத் தவறான இடத்தில் செருகினால் நிரல் பிழையின்றி ஓடும், ஆனால் வேகம் அமைதியாகக் குறைந்துவிடும். வரிசை கலைந்த அட்டவணையைக் கண்டால் நிரலாளருக்கு எச்சரிக்கை தரும் ஏற்பாடு இதனால்தான் வைக்கப்பட்டது.

எந்தத் துறை எண்ணுக்கு எந்த விளக்கியை அழைப்பது என்ற முடிவுக்கு வயர்ஷார்க் ஹாஷ் அட்டவணைகளைப் பயன்படுத்துகிறது. 16 பிட் துறை எண்ணுக்கு 65,536 மதிப்புகள் இருக்கலாம். விளக்கி இருப்பதோ அவற்றில் சிறு பகுதிக்கே. ஒரே உரையாடலைச் சேர்ந்த பொதிகளை இணைக்கவும் ஹாஷ் அட்டவணையே உதவுகிறது.

இத்தனை கவனம் ஏன் என்ற கேள்விக்கு வயர்ஷார்க்கின் செயல்முறையிலேயே விடை இருக்கிறது. பயனர் திரையில் புதிய வடிகட்டி ஒன்றை இடும் ஒவ்வொரு முறையும் கோப்பிலுள்ள எல்லாப் பொதிகளும் மீண்டும் விளக்கப்படுகின்றன. பழுதைத் தேடுபவர் ஒரு மணி நேரத்தில் இருபது வடிகட்டிகளை இட்டுப் பார்த்தால், தேடல் செலவும் இருபது மடங்காகிறது.

ஈதர்நெட் முகவரியிலிருந்து நிறுவனப் பெயரைக் காட்டும் பட்டியலின் கதை வேறு வகையானது. அதில் 30,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. நெடுங்காலம் அது தனி உரைக் கோப்பாக இருந்தது. மென்பொருள் திறக்கும் ஒவ்வொரு முறையும் அக்கோப்பு வரிவரியாகப் படிக்கப்பட்டு நினைவகத்தில் அட்டவணையாகக் கட்டப்பட்டது. 2023 நவம்பரில் வந்த 4.2 பதிப்பில் இப்பட்டியலும் துறை எண்களின் பட்டியலும் மென்பொருளுக்குள்ளேயே தொகுக்கப்பட்டன. இங்கே மிச்சமானது அட்டவணையைத் தேடும் நேரம் அன்று. ஒவ்வொரு முறையும் அதைக் கட்டும் நேரம். வயர்ஷார்க்கின் கட்டளைவரி வடிவமான டிஷார்க்கை ஒரு நாளில் ஆயிரம் முறை இயக்கும் தானியங்கிச் சோதனைகளுக்கு இது பெரிய உதவி.

முன்னொட்டுத் தேடல்: அஞ்சல் எண்ணின் வழி

எல்லாத் தேடலும் முழு எண்ணைப் பொருத்துவதில்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை நினைத்துப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூரின் எண் 602105. தொலைதூரத்தில் கடிதம் பிரிப்பவர் முதல் இலக்கமான 6-ஐப் பார்த்தால் போதும்; தென்கோடிக்கான பையில் போட்டுவிடலாம். நெருங்க நெருங்க மேலும் பல இலக்கங்கள் தேவைப்படும். இணைய முகவரிகளும் இப்படியே முன்னொட்டு அளவில் பொருத்தப்படுகின்றன. ஒரே முகவரிக்கு இரண்டு முன்னொட்டுகள் பொருந்தினால் நீளமானதே செல்லும்.

1990-களின் பிற்பகுதியில் இணையம் விரிந்தபோது இதுவே பெரிய தடையாயிற்று. விநாடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் மட்டும் வந்தால் விநாடிக்குச் சுமார் 14.88 லட்சம் பொதிகள். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 672 நானோவிநாடி. 10 கிகாபிட்டில் அது 67.2 நானோவிநாடி. முதன்மை நினைவகத்தை ஒருமுறை தொட்டுத் திரும்பவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிவிடும்.

இச்சிக்கலைத் தீர்த்தவர்களில் இந்தியாவில் பொறியியல் பயின்றவர்கள் முன்னிலையில் இருந்தனர். மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜார்ஜ் வர்கீஸ், 1997-இல் மார்செல் வால்ட்ஃபோகல் முதலானோருடன் முன்னொட்டு நீளங்களின் மீதே இருமத் தேடல் நடத்தும் முறையை வெளியிட்டார். 1998-இல் பங்கஜ் குப்தா, ஸ்டீவன் லின், நிக் மெக்கியோன் மூவரும் ஸ்டான்ஃபோர்டிலிருந்து இன்னும் துணிச்சலான வழியைக் காட்டினர். முகவரியின் முதல் 24 பிட்களை நேரடிச் சுட்டாகக் கொண்டு 1,67,77,216 அறைகள் கொண்ட அட்டவணையை அமைப்பது. அரிதான நீண்ட முன்னொட்டுகளுக்கு மட்டும் இரண்டாவது சிறு அட்டவணை. எந்த முகவரியானாலும் இரண்டு நினைவக அணுகல்களில் விடை. அட்டவணைக்குச் சுமார் 33 மெகாபைட் நினைவகம் தேவை. நினைவகத்தின் விலை வீழ்ந்துகொண்டிருந்ததால் இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கலாம் என்பதே அவர்களின் வாதம். இன்று மென்பொருள் வழி விரைவாகப் பொதிகளைக் கையாளும் டி.பி.டி.கே. நூலகத்திலும் இதே அமைப்பு உள்ளது.

ஈதர்நெட் நிறுவனப் பட்டியலுக்கும் இந்தச் சிந்தனை பொருந்தும். ஐ.இ.இ.இ. அமைப்பு பெரிய நிறுவனங்களுக்கு 24 பிட் முன்னொட்டையும் சிறியவற்றுக்கு 28 அல்லது 36 பிட் முன்னொட்டையும் ஒதுக்குகிறது. முதல் 24 பிட்களை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஒரே தொகுதியைப் பங்கிட்டுக்கொண்ட பல சிறு நிறுவனங்கள் ஒன்றாகக் குழம்பிவிடும்.

விரைவே பலவீனமானபோது

ஹாஷ் அட்டவணையின் வேகம் ஓர் எதிர்பார்ப்பின் மீது நிற்கிறது: பதிவுகள் எல்லா அறைகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவும் என்பது. எல்லாப் பதிவுகளும் ஒரே அறையில் விழுந்தால் அது மீண்டும் வரிசைத் தேடலாகிவிடும். தற்செயலாக இப்படி நேர்வது அரிது. வேண்டுமென்றே நேரச் செய்தால்?

2003-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் இருவரும் இதைச் செய்து காட்டினர். ப்ரோ பயன்படுத்திய ஹாஷ் கணக்கு எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. ஒரே விடை தரும் எண்களாகப் பொறுக்கி, அவற்றைத் தாங்கிய பொதிகளை அனுப்பினர். தொலைபேசி மோடத்தின் வேகத்தைவிடக் குறைந்த அளவிலேயே அனுப்பியும், ஆறு நிமிடங்களில் ப்ரோ கணினியின் செயலி முழுவதும் அடைபட்டது. வந்த போக்குவரத்தில் 71 விழுக்காடு வரை அது தவறவிட்டது. காவலுக்கு நிறுத்தப்பட்ட மென்பொருளே கண்ணை மூடிக்கொண்டது.

ஆய்வு மென்பொருளுக்கு இது மற்ற மென்பொருள்களைவிடக் கடுமையான பாடம். அது படிக்கும் ஒவ்வொரு பைட்டும் முன்பின் அறியாதவர் அனுப்பியது. தீர்வு, ஹாஷ் கணக்கில் ஓர் இரகசிய எண்ணைச் சேர்ப்பது. மென்பொருள் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும். வெளியிலிருப்பவர் எந்தப் பதிவு எந்த அறையில் விழும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது. வயர்ஷார்க்கின் நினைவக நூலகத்திலும் இவ்வாறு தற்போக்கு எண்ணோடு இயங்கும் ஹாஷ் உண்டு. 2012-இல் ஓமாசோன், பெர்ன்ஸ்டைன் இருவரும் இதே நோக்கத்துக்கென ‘சிப்ஹாஷ்’ என்ற கணக்கை வடிவமைத்தனர். பைத்தான் முதலிய மொழிகள் அதை ஏற்றன. சற்று மெதுவான, ஆனால் ஏமாற்ற முடியாத தேடலே மேல் என்பது அதன்பின் பொது வழக்கமாயிற்று.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்: எண்கள் பிறக்கும் இடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அதற்குத் தெற்கே ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் முதல் கார் 1998-இல் விற்பனைக்கு வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கியது; ஈதெரியல் வயர்ஷார்க்காக மாறிய ஆண்டும் அதுவே. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை 2010-இலும் டைம்லர் கனரக வாகன ஆலை 2012-இலும் திறக்கப்பட்டன. வாகனச் சோதனைகளுக்கான மத்திய அரசின் ஆய்வு மையமும் ஒரகடத்தில் உள்ளது.

இந்த வழித்தடத்தின் பெயர்கள் ஆய்வு மென்பொருளின் அட்டவணைகளில் நெடுநாளாக இடம்பெற்றுள்ளன. கல்லூரி ஆய்வகத்தில் பழைய மடிக்கணினியின் பொதிகளை வயர்ஷார்க்கில் பார்த்தவர்கள், ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் தாய்ப் பெயரான ஹான் ஹாய் பிரிசிஷன் எட்டெழுத்துச் சுருக்கமாக முகவரியின் முன்னால் நிற்பதைக் கண்டிருப்பர். அந்நிறுவனத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் பெரிய ஆலைகள் உண்டு. ஆனால் அட்டவணை காட்டுவது எண் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை மட்டுமே. பொருள் எந்த ஊரில், யார் கையால் செய்யப்பட்டது என்பதை அன்று. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். நோக்கியாவுக்கு ஒதுக்கப்பட்ட முகவரி முன்னொட்டுகள் அட்டவணையில் அப்படியே இருக்கின்றன.

காருக்குள் இருக்கும் பிணையம்

வழித்தடத்தில் உருவாகும் ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு பிணையம் இருக்கிறது. எஞ்சின், பிரேக், காற்றுப்பை, கதவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணு அலகுகள் ‘கேன்’ என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் உருவாக்கத் தொடங்கி 1986-இல் டெட்ராய்ட் மாநாட்டில் வெளியிட்ட நெறிமுறை இது. கேன் செய்தியில் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இல்லை. செய்தி எதைப் பற்றியது என்று காட்டும் அடையாள எண் ஒன்றும், அதிகபட்சம் 8 பைட் தரவும் உண்டு. அடையாள எண் 11 பிட் என்றால் 2,048 மதிப்புகள். விரிந்த வடிவில் 29 பிட் என்றால் 53,68,70,912 மதிப்புகள்.

இந்த இரண்டு எண்ணிக்கைகளுக்கும் இரண்டு வகைத் தேடல் தேவை என்பதை லினக்ஸ் கருவின் நிரலில் தெளிவாகக் காணலாம். ஃபோக்ஸ்வாகன் ஆய்வுப் பிரிவு அளித்த சாக்கெட்கேன் நிரல் 2008-இல் லினக்ஸில் சேர்ந்தது. 11 பிட் எண்களுக்கு அதில் 2,048 அறைகள் கொண்ட நேரடிச் சுட்டு. 29 பிட்டுக்கு அப்படி வைத்தால் அறைகளுக்கே பல கிகாபைட் நினைவகம் போய்விடும். அதனால் 1,024 அறைகள் கொண்ட ஹாஷ் 2014-இல் சேர்க்கப்பட்டது. விநாடிக்கு 500 கிலோபிட் வேகமுள்ள கேன் கம்பியில் முழுச் சுமையில் சுமார் 4,000 செய்திகள் ஓடும். இணையத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் ஒரு காரில் இத்தகைய கம்பிகள் பல. சோதனை ஓட்டம் பல மணி நேரம். ஒரு மணி நேரத்தில் ஒரு கம்பியிலிருந்தே 1.44 கோடி செய்திகள் சேரும்.

மூடிய அட்டவணை

கேன் செய்தியைப் பிடிப்பது எளிது. அதன் பொருளை அறிவதுதான் கடினம். குறிப்பிட்ட எண்ணுள்ள செய்தியின் மூன்றாவது பைட் சக்கரத்தின் வேகமா, கதவின் நிலையா என்பது வாகன நிறுவனத்தின் அட்டவணையில்தான் இருக்கிறது. வெக்டர் நிறுவனம் வகுத்த டி.பி.சி. என்ற கோப்பு வடிவில் இது பொதுவாக எழுதப்படுகிறது. நிறுவனங்கள் இதை வெளியிடுவதில்லை. உதிரி தயாரிக்கும் துணை நிறுவனங்களுக்கும் தேவையான பகுதி மட்டும் இரகசிய ஒப்பந்தத்தோடு தரப்படுவது வழக்கம்.

இதற்கு விலக்குகள் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வாகனத்தின் தன்னறிச் சோதனை வசதியைக் கட்டாயமாக்கியதால், அதற்குரிய சிறு அட்டவணை ஒன்று உலகத் தரமாக வெளியிடப்பட்டது. அதில் 5 என்ற எண் குளிர்விப்பு நீர்மத்தின் வெப்பநிலை, 12 எஞ்சினின் சுழற்சி வேகம், 13 வண்டியின் வேகம். எந்த நிறுவனத்தின் காரானாலும் இவை ஒன்றே. சாலையோரப் பழுதுபார்க்கும் கடையில் மலிவான கருவியைச் செருகி எஞ்சின் கோளாறைப் படிக்க முடிவது இந்தத் திறந்த அட்டவணையால்தான். கனரக வாகனங்களில் பரவலாக உள்ள ஜே1939 தரமும் 29 பிட் எண்களின் பொருளை வெளிப்படையாக வகுத்துள்ளது. மற்றபடி காற்றுப்பை, திசைமாற்றி, கதவு ஆகியவற்றின் செய்திகள் பெரும்பாலும் மூடியே இருக்கின்றன. அமெரிக்காவின் காமா நிறுவனம் பேணும் ‘ஓப்பன்டிபிசி’ என்ற பொதுத் தொகுப்பில் ஹூண்டாய், நிசான் உள்ளிட்ட பல நிறுவனக் கார்களின் அட்டவணைகள், செய்திகளைக் கவனித்து ஊகிக்கும் முறையில் சேர்க்கப்பட்டுள்ளன.

வயர்ஷார்க் வளர்ந்ததற்கும் கேன் ஆய்வு பெரிதும் நிறுவனங்களுக்குள் அடங்கியதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. இணையத்தின் எண் பதிவேடுகள் தொடக்கத்திலிருந்தே பொதுவில் இருந்தன. அதனால் அவற்றை விரைவாகத் தேடுவது எப்படி என்ற கேள்வி உலகெங்கும் உள்ள மாணவர்களின் கேள்வியாயிற்று. காரின் பதிவேடு பொதுவில் இல்லை. ஒரகடத்தில் பொருத்தப்படும் காரின் செய்திகளை ஒரகடத்துக்கு அருகிலுள்ள கல்லூரியில் பயிலும் மாணவர் பிடிக்கலாம், எண்ணலாம், வரைபடமாக்கலாம், படிக்க முடியாது. திறந்து வைப்பதற்கு எதிரான வாதத்தையும் புறக்கணிக்க இயலாது: பிரேக்கின் எண்ணை அறிந்தவர் பொய்ச் செய்தி அனுப்பவும் கூடும். கேன் நெறிமுறையில் அனுப்புநரைச் சரிபார்க்கும் வசதி இயல்பாக இல்லை. எனினும் 2003-இல் ப்ரோவைக் காத்த தீர்வு அதன் நிரலை மறைப்பதாக இருக்கவில்லை. கணக்கு அனைவருக்கும் தெரிந்தே இருந்தது. ஒரு சிறு இரகசிய எண் மட்டும் சேர்க்கப்பட்டது.

மாணவர்கள் தொடங்குவதற்கு

வயர்ஷார்க்கும் சாக்கெட்கேனும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டின் மூல நிரலையும் படிக்கலாம். வண்டி இல்லாமலே கேன் பயில லினக்ஸில் மெய்நிகர் கேன் இடைமுகம் உண்டு. அதில் அனுப்பும் செய்திகளை வயர்ஷார்க்கில் பார்க்கலாம். டிஷார்க்கின் உதவியோடு மென்பொருளுக்குள் இருக்கும் நிறுவனப் பட்டியலையும் துறை எண் பட்டியலையும் வெளியே எடுத்து, அவற்றை வரிசைத் தேடல், இருமத் தேடல், ஹாஷ் ஆகிய மூன்று முறைகளிலும் தேடி நேரத்தை அளப்பது நல்ல முதற்பயிற்சி. தம் சொந்தப் பிணையத்தில் அல்லது அனுமதி பெற்ற ஆய்வகத்தில் மட்டுமே பொதிகளைப் பிடிக்க வேண்டும்.

அளக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். ஐந்து பதிவுகள் கொண்ட பட்டியலில் மூன்று முறைகளுக்கும் வேறுபாடு தெரியாது. முப்பதாயிரம் பதிவுகளில் வரிசைத் தேடல் மட்டும் வெகுவாகப் பின்தங்கும். கேன் செய்திகளைக் கொண்டு இதே பயிற்சியைச் செய்ய விரும்புபவர் முதலில் எண்ணுக்குப் பெயர் தரும் பட்டியலைத் தேட வேண்டியிருக்கும்.